ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட்: பட்டிமன்றமா, வட்டமா, நால்வர் குழுவா, லேப்பா?

ஆண்டுத் தொடக்கத்தில் வடசென்னைப் பள்ளிகளுக்குப் பழைய மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து வருவது வழக்கம். கையில் கொஞ்சம் பணம் திரட்டி வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் அது பீரோவாகவும் மின்விசிறியாகவும் குடிநீர் இயந்திரமாகவும் மாறும். பெயர் எழுதிய பலகை சுவரில் ஏறும். இப்போது வருகிறவர்கள் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. "நாங்க வேலைக்குப் போன இடத்துல குரூப் டிஸ்கஷன்னா வாயே வரல சார். நம்ம பசங்க பேசணும். எதிர்ல இருக்கறவன் சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கணும். புதுசா யோசிக்கணும். அதுக்கு டீச்சருங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்கிறார்கள்.

சமூக அறிவியல் எடுக்கிற பட்டதாரி ஆசிரியன் என்பதால் கேள்வி என் பக்கமும் வந்தது. எச்.எம். அறையில் உட்கார்ந்து பேசியபோது விழுந்த யோசனைகள் இவை: பட்டிமன்றம், மாதிரி நாடாளுமன்றம், வட்டமாக உட்கார்ந்து பேசுவது, நாலு பேர் இரண்டு கட்சியாகப் பேசுகிற நால்வர் குழு, பிள்ளைகள் கருவிகளை வைத்துத் தாங்களே செய்து பார்க்கிற டிங்கரிங் லேப், வழக்கம்போல ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி முகாம். எங்களிடம் இருப்பது ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட், நாற்பது நிமிடம். பணமும் அளவுதான். இரண்டையும் எதில் போடுவது?

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பீரியடை நால்வர் குழுவுக்குக் கொடுங்கள். பணத்தை ஆசிரியர்களின் நேரத்துக்குக் கொடுங்கள். லேப் அப்புறம் வரட்டும். பட்டிமன்றம் ஆண்டு விழாவில் இருக்கட்டும். எல்லாப் பள்ளிக்கும் இதே கணக்கு பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்கிற சக ஆசிரியர்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படிக்கிறவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அது தென்மாவட்டத்துச் சங்கதி என்று சென்னையில் உட்கார்ந்து ஒதுக்கிவிட முடியாது. நம் பக்கத்தில் அந்தக் கோஷ்டிப் பகை ஏரியா என்ற பெயரில் வரும், பஸ் ரூட் என்ற பெயரில் வரும், நடிகர் பெயரிலும் கட்சிக் கொடியிலும் வரும். காலேஜ் அண்ணன்கள் பஸ் ரூட் கோஷ்டிக்குத் தலைவனாக, 'ரூட்டு தல' என்று திரிவதைப் பார்த்து வளர்கிற பதினாலு வயதுப் பையனுக்கு, எதிராளி சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டால் கெத்து போய்விடும். அவனை வைத்துக்கொண்டுதான் பாடப்புத்தகத்தில் மக்களாட்சி, தேர்தல், அழுத்தக் குழுக்கள், மனித உரிமைகள் எல்லாம் நடத்துகிறோம். அவனும் புக் பேக் கேள்விக்குப் பதில் எழுதி மார்க் வாங்கிவிடுகிறான்.

பட்டிமன்றம்

முதலில் இதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லோருக்கும் பிடித்தது இதுதான். வடிவம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. தீபாவளி, பொங்கல் காலையில் டிவியில் பார்த்தே வளர்கிறார்கள். நடுவர் யார், அணித்தலைவர் யார் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். தமிழாசிரியர் சந்தோஷமாக முன்னால் வருவார். செலவு என்று பார்த்தால் மைக் செட் வாடகைதான்.

ஆனால் நாற்பது பேர் வகுப்பில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அணிக்கு மூன்று பேர், ஒரு நடுவர். ஏழு வாய் திறக்கிறது, முப்பத்து மூன்று பேர் கைதட்டுகிறார்கள். அந்த ஏழு பேரும் ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்கள். காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பதும் அவர்கள்தான். பேச்சைப் பெரும்பாலும் ஆசிரியரோ அக்காவோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். எதிரணி என்ன சொன்னாலும் மனப்பாடம் செய்ததுதான் வெளியே வரும். எதிராளியின் பேச்சில் எதைக் கலாய்க்கலாம் என்று காத்திருப்பதைக் கேட்பது என்று சொல்ல முடியுமா? கடைசியில் நடுவர் தீர்ப்பு சொல்லிவிடுவார், விஷயம் அத்தோடு முடிந்தது. வகுப்பில் யாருடைய எண்ணமும் அரை அங்குலம் நகர்ந்திருக்காது.

அதற்காக அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மேடை பயம் போவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. வடசென்னைத் தெருமுனைக் கூட்டங்களில் பேசிப் பழகி மேலே வந்தவர்கள் எத்தனையோ பேர். பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது, பி.பி.வாடியாவோடு நின்று தமிழில் பேசிப் பேசியே அதை வளர்த்தவர்களில் ஒருவர் தமிழாசிரியராக இருந்த திரு.வி.க. மேடைப் பேச்சின் அருமை தெரிந்த ஊர் இது. வாரா வாரம் வகுப்பறையில் வேண்டியது மட்டும் வேறு.

மாதிரி நாடாளுமன்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சபாநாயகர், அமைச்சர்கள், வேட்டி, துண்டு, வெளிநடப்பு என்று பார்க்க அழகாக இருக்கும். ஒத்திகைக்கே ஒரு மாதம் போய்விடும். வெளிநடப்பைத்தான் பிள்ளைகள் மிகவும் ரசித்துச் செய்வார்கள், அதை டிவியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இதில் உருப்படியான பகுதி கேள்வி நேரம். அதை மட்டும் தனியே பிடுங்கி, வகுப்புத் தலைவனையும் சாரணர் தலைவியையும் பதில் சொல்ல வைத்துப் பதினைந்து நிமிடம் நடத்தலாம். பாத்ரூமில் தண்ணீர் ஏன் வரவில்லை என்பதிலிருந்து கேள்விகள் வரும். வரட்டும்.

வட்டம்

பெஞ்சை ஒதுக்கிவிட்டு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவது. இதிலேயே உள்வட்டம், வெளிவட்டம் என்று வைப்பது உண்டு. உள்ளே ஏழெட்டுப் பேர் பேசுவார்கள். வெளியே இருப்பவர்கள் கவனித்துக் குறிப்பெடுப்பார்கள். உள்ளே ஒரு நாற்காலி காலியாக இருக்கும், சொல்ல ஏதாவது இருக்கிறவர் வந்து உட்காரலாம்.

வட்டத்துக்கு என்று தனி மரியாதை இருக்கிறது. நடுவர் கிடையாது, ஜெயிக்கிறவர் கிடையாது. கடைசி பெஞ்ச் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். வாரக் கடைசியில் மனசு விட்டுப் பேசுவதற்கு இது பொருந்தும். வெள்ளமோ விபத்தோ நடந்த பிறகு பிள்ளைகளைப் பேச வைப்பதற்கும் வேறு எதுவும் இவ்வளவு பொருந்தாது. 2023 டிசம்பரை எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை கறுத்துக் கிடந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அப்படி ஒரு வாரத்துக்குப் பிறகு பள்ளி திறந்தால், அந்தப் பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்து வாதாடச் சொல்வது அபத்தம். வட்டமாக உட்கார வையுங்கள், போதும்.

சாதாரண வாரங்களில்தான் சிக்கல். நாற்பது நிமிடத்தில் நாற்பது பேர் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம், அதுவும் காகிதத்தில். நடைமுறையில் ஆறேழு பேர் பேசி முடித்துவிடுவார்கள். உள்வட்டம் வைத்தாலும் அதே ஆறேழு பேர்தான். அதைவிடப் பெரிய விஷயம், வட்டம் நன்றாக நடப்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது. கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். நமக்கு அது வராது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது சராசரியாக ஒரே ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக நீட்டிப் பார்த்ததில் பதில்கள் நீளமாயின, வாய் திறக்காதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். மூன்று விநாடிதானே என்று தோன்றும். ஒன்பதாம் வகுப்பு பி செக்‌ஷனில் கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள். அதற்குள் ஜன்னல் பக்கம் இரண்டு பேர் ஜாடை பேசி முடித்திருப்பார்கள், நம் வாய் தானாக "சரி, நானே சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடும். இந்த ஒரு பழக்கத்துக்காகவாவது வட்டத்தை மாதம் ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் அறுபது பேர் இருந்து, நாலு நாலு பேராகப் பிரிக்கவே இடமில்லாத பள்ளிகளுக்கு உள்வட்டம் வெளிவட்டம்தான் வழி.

நால்வர் குழு

இனி என் கட்சி. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்ற சகோதரர்கள் வளர்த்த முறை இது. கல்லூரிப் பாடத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது, நமக்கு அது வேண்டாம். நாலு பேரைச் சேர்த்து இரண்டு ஜோடியாக்குங்கள். ஒரு ஜோடிக்கு 'வேண்டும்', இன்னொரு ஜோடிக்கு 'வேண்டாம்'. இரு தரப்புக்கும் அரைப் பக்கம் குறிப்பு கொடுத்துவிடுங்கள். முதல் ஜோடி தன் காரணங்களைச் சொல்லும். எதிர் ஜோடி பதில் பேசக் கூடாது; கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், "நீங்க சொன்னது இதுதானே?" என்று. ஆமாம் என்று முதல் ஜோடி தலையாட்டினால்தான் அடுத்த கட்டம். பிறகு எதிர் ஜோடியின் முறை. அது முடிந்ததும் கட்சி மாற வேண்டும்: 'வேண்டும்' என்றவர்கள் 'வேண்டாம்' என்று வாதாட வேண்டும். கடைசியாகக் கட்சியையே விட்டுவிட்டு நாலு பேருமாகச் சேர்ந்து, தங்களுக்கு ஒப்புதலான நாலு வரியை எழுதித் தர வேண்டும். ஒத்துப்போக முடியாவிட்டால், எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்பதை எழுத வேண்டும்.

நாற்பது பேர் வகுப்பில் இது பத்துக் குழு. ஒரே நேரத்தில் பத்து வாய் பேசும், ஆளுக்கு ஆறேழு நிமிடமாவது கிடைக்கும். பேச்சுக்குப் பயந்த பெண்ணும் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் எதிரில் இரண்டே பேர்தான், பக்கத்தில் ஜோடி இருக்கிறாள். இரைச்சல் இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வராண்டாவிலும் இரண்டு குழுவை உட்கார வைக்கலாம்.

கட்சி மாறுகிற இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. காசிமேட்டுப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், மீன் கூட்டத்தையே வளைத்து மொத்தமாக அள்ளுகிற சுருக்குமடி வலையை எடுத்தோம். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டிலிருந்து அதற்குத் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும் என்று கட்டுப்பாடுகளோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, இரண்டு தரப்பு வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். விசைப்படகில் வேலை பார்ப்பவரின் மகன் ஒருவன் முதல் சுற்றில் பின்னி எடுத்துவிட்டான்: டீசல் விலை, ஒரு தடவை போய்வரும் செலவு, படகில் எத்தனை குடும்பம் பிழைக்கிறது எல்லாம் வாயிலேயே இருந்தது. கட்சி மாறச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டான்.

"சார், என்னால முடியாது. எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு."

எதிரில் இருந்தது திருவொற்றியூர் குப்பத்துப் பெண். தாத்தாவிடம் ஃபைபர் படகு. "நான் உங்க அப்பா மாதிரி பேசறேன் இல்ல? நீ எங்க தாத்தா மாதிரி பேசேன்" என்றாள்.

உட்கார்ந்தான். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் பேசினான். கொஞ்ச நேரம் கழித்து, "சின்ன மீனு எல்லாம் ஒண்ணா வாரிக்கினு போய்ட்டா, கரையோரமா வலை போடறவங்க என்னாத்த பிடிப்பாங்க?" என்று குரல் உயர்ந்தது. பக்கத்தில் இருந்தவன் சிரித்தான், இவன் சிரிக்கவில்லை. அந்தக் குழு எழுதித் தந்த நாலு வரியில், அனுமதித்த இரண்டு நாளில் என்ன மீன் எவ்வளவு வந்தது என்று கரையில் எடை போட்டு எழுதி வைத்தால் அடுத்த வருஷம் சண்டை போடாமல் பேசலாம் என்று இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த யோசனை. பழைய மாணவர்கள் கேட்ட 'புதுசா யோசிக்கிறது' இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதற்குக் கரும்பலகைகூட வேண்டியிருக்கவில்லை.

இந்த முறைக்கும் குறை உண்டு. இரு தரப்புக் குறிப்பு தயாரிப்பது ஆசிரியரின் தலையில் விழும். ஒரு தலைப்புக்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். ஒரு பீரியடில் முடியாது, இரண்டு வாரம் எடுக்கும். எல்லாத் தலைப்புக்கும் இது ஒத்துவராது. தீண்டாமை சரியா தவறா என்றெல்லாம் இரு கட்சி வைத்துப் பேசக் கூடாது. அரசியல் சட்டம் 17ஆம் பிரிவில் ஒழித்துவிட்டதை வகுப்பில் வாதத்துக்கு எடுத்தால், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் மானத்தையும் சேர்த்து வாதத்துக்கு வைத்ததாகிவிடும். கட்சிப் பெயர், நடிகர் பெயர் இரண்டையும் முதல் பருவத்தில் தொடாதீர்கள். தொட்டால் நாலு பேரும் கட்சி மாற மாட்டார்கள்.

சாதியைப் பேசாமலே விட்டுவிடுவதா? இல்லை, ஆனால் தூரம் வேண்டும். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் ஒற்றுமை உடைந்து, வேலைக்குத் திரும்பியவர்களுக்கும் திரும்பாதவர்களுக்கும் நடுவே புளியந்தோப்பில் மோதல் வெடித்தது. வேலைக்குத் திரும்பியவர்களில் பெரும்பகுதி ஆதிதிராவிடர். பசியால் திரும்பியதா, சங்கம் தங்களைச் சமமாக நடத்தவில்லை என்பதாலா, நிர்வாகம் பிரித்து விளையாடியதா? பஸ்ஸில் போகும் வழியில் பார்க்கிற இடம், நூறு வருஷத்துக்கு முந்தைய சம்பவம். யாரும் யாரையும் கைகாட்டாமல் பேச முடிகிறது. இதில் கட்சி மாறுவதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தரப்பும் அன்று என்ன நினைத்திருக்கும் என்பதை மட்டும் பேச வையுங்கள். இதை ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது பதினொன்றாம் வகுப்புக்கு. 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை அரசு எடுத்துவிட்டதால் அங்கே மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. பத்தாம் வகுப்பை மட்டும் கேட்காதீர்கள். ஸ்பெஷல் கிளாஸ், ரிவிஷன் டெஸ்ட் என்று அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறார்கள்.

லேப்

நன்கொடையாளர்களுக்கு மிகவும் பிடித்தது இது. கண்ணுக்குத் தெரியும், திறந்து வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016இல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். முப்பரிமாண அச்சு இயந்திரம், சென்சார், சின்னச் சின்னச் சர்க்யூட் பலகைகள் எல்லாம் வரும். கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் பழைய மாணவர் சங்கப் பணத்தில் அதைப் போல ஒன்றைக் கட்ட நினைத்தால் இரண்டு தடவை யோசிக்கச் சொல்வேன். லேப் என்பது பெரிய அறை, பொறுப்பு ஆசிரியர், பழுது பார்க்க ஆள், வருஷா வருஷம் வாங்க வேண்டிய உதிரிகள். பொறுப்பு ஆசிரியர் மாற்றலாகிப் போனால் சாவி யாரிடம் என்றே தெரியாமல் பூட்டிக் கிடக்கும் அறைகளைப் பார்த்திருக்கிறேன். 'தொட்டால் உடைந்துவிடும்' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் வெளியே எடுப்பதும் உண்டு.

அதற்கு முந்தைய படியாக, பணம் அதிகம் கேட்காத வழிகள் இருக்கின்றன. மத்திய அரசின் இன்ஸ்பையர்-மானக் திட்டத்தில் மாணவர் யோசனை தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். மாநிலத்தில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் பள்ளிகளுக்கென்று புத்தாக்கத் திட்டம் நடத்துகிறது. உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துச் சிறு குழுவாக ஆய்வு செய்யும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை 1993இலிருந்து தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இங்கே ஒருங்கிணைத்து வந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளில் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்க வைக்கிற வானவில் மன்றம் நல்ல திட்டம், ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புக்கு உதவாது.

இந்த வழிகளில் எல்லாம் யோசனை எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிரச்சினை. போட்டிக்குக் கடைசித் தேதி நெருங்கியதும் யூடியூபில் பார்த்த தானியங்கி விளக்கு, மழைநீர் சேகரிப்பு மாதிரி, பார்வையற்றோர் கைத்தடி என்று அதே மூன்று வருஷா வருஷம் வரும். நால்வர் குழுவுக்குப் பிறகு வந்தவை வேறு மாதிரி இருந்தன. தலையில் கூடை வைத்து மீன் விற்கிற அம்மாக்களுக்கு ஐஸ் சீக்கிரம் கரையாத பெட்டி என்று ஒரு குழு ஆரம்பித்தது. சாதாரணத் தெர்மகோல் பெட்டி, இதில் என்ன புதுசு என்று எதிர் ஜோடி மடக்கியது. அடுத்து வந்த கேள்விதான் உயிர்நாடி: "ஷேர் ஆட்டோக்காரர் ஏத்தவே மாட்டாரு, தண்ணி ஒழுகி சீட்டு நாறும். அதுக்கு என்னா பண்ணுவ?" அந்த இடத்தில் பெட்டியின் பிரச்சினை குளிர்ச்சியிலிருந்து ஒழுகலுக்கு மாறியது. அடியில் இன்னொரு தட்டு வைத்து, கரைந்த தண்ணீர் அதில் சேர்ந்து, மூலையில் குழாய் வழியாக வேண்டும்போது வடித்துக்கொள்கிற மாதிரி செய்தார்கள். குழாய், கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கிய அக்வேரியம் ட்யூப். பிசிறு பிசிறாகத்தான் இருந்தது, ஒரு மூலையில் இன்னும் ஒழுகியது. ஆனாலும் அதில் இரண்டு அம்மாக்கள் மீன் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, கைப்பிடி சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். லேப் இருந்திருந்தால் கைப்பிடியை அழகாக அச்சடித்திருக்கலாம். எதிர் ஜோடி அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் லேப் இருந்தும் தெர்மகோல் பெட்டிதான் வந்திருக்கும்.

அதனால் வரிசை முக்கியம் என்கிறேன். மறுத்துப் பேசினால் கோபித்துக்கொள்ளாத வகுப்பு முதலில் வரட்டும், சாமான் அப்புறம்.

பணம் எங்கே போக வேண்டும்

பயிற்சி முகாம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெயர் பெற்ற பேச்சாளர் ஒருவர் வந்து, ஏசி ஹாலில் பகல் முழுக்கப் பேசி, ஃபைலும் பேனாவும் கொடுத்து, மதியம் பிரியாணி போட்டு அனுப்புவார்கள். பேச்சாளர் நன்றாகத்தான் பேசுவார். குழு முறையைப் பற்றி ஆறு மணி நேரம் மேடையிலிருந்தே சொல்லுவார். திங்கட்கிழமை காலையில் எமிஸ் என்கிற பள்ளி விவர இணையதளத்தில் பதிவேற்ற வேண்டியது காத்திருக்கும், சப்ஸ்டிட்யூஷன் பீரியட் இரண்டு விழுந்திருக்கும், அந்த ஃபைல் பீரோவுக்குள் போய்விடும். இணையவழிப் பயிற்சிகளும் அப்படித்தான். வீடியோவை ஓடவிட்டுவிட்டு விடைத்தாள் திருத்துகிற சாமர்த்தியம் எங்கள் எல்லோருக்கும் கைவந்துவிட்டது.

ஆசிரியருக்கு இல்லாதது நேரம். எட்டு பீரியடில் ஆறு எடுத்துவிட்டு நிற்பவரிடம் இரு தரப்புக் குறிப்பு தயாரியுங்கள் என்றால் மனசாட்சிக்கே பொறுக்காது. ஆகவே பழைய மாணவர்களுக்கு நான் சொன்னது இது: வாரத்தில் சில மணி நேரத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாக ஒரு பி.டி.ஏ. டீச்சருக்குச் சம்பளம் கொடுங்கள். அவர் கீழ் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளட்டும். சமூக அறிவியல், தமிழ், அறிவியல் ஆசிரியர்களில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வாரம் இரண்டு பீரியட் காலியாகும்படி எச்.எம். கால அட்டவணையைப் போடட்டும். ஒரு பீரியடில் இருவரும் சேர்ந்து குறிப்பு எழுதுவார்கள். இன்னொன்றில் ஒருவர் நடத்த, மற்றவர் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். ஆசிரியரை மார்க் போடுவதற்காக அவர் அங்கே உட்காருவதில்லை. எந்தக் குழுவில் யார் பேசவில்லை, எந்தக் கேள்விக்குப் பிறகு வகுப்பு சூடானது என்று எழுதி வைப்பார். பின்னால் ஆள் உட்கார்ந்தாலே இன்ஸ்பெக்‌ஷன் நினைவு வந்து கை நடுங்குகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் மாதம் விலக்கு கொடுங்கள்.

பெயர்ப் பலகை வைக்க இதில் இடமில்லைதான். பழைய மாணவர்களில் இரண்டு பேர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஒருவர் மட்டும், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், "அப்போ நான் லீவு நாள்ல வந்து ஒரு தரப்புக் குறிப்பு எழுதித் தரட்டுமா சார்?" என்று கேட்டார். சரக்குப் பெட்டக லாரிகள் எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்பதைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்டவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேச்சின் நடுவே ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். கடைசி நாலு வரி எழுதி முடிகிற வரை சொல்லக் கூடாது என்பது என் கட்சி. அதன் பிறகு பிள்ளைகள் கேட்டால் சொல்லலாம், காரணத்தோடு. முன்னாலேயே சொன்னால் பத்துக் குழுவும் சார் பக்கம் சாய்ந்துவிடும். நம் பிள்ளைகள் அவ்வளவு மரியாதைக்காரர்கள்.

ஜூனிலேயே தொடங்குவதாக இருந்தால் முதல் தலைப்பாக மீன்பிடித் தடைக்காலத்தை வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் போதுமா, கூடுதலா என்பது கேள்வி. கொடுங்கையூர் குப்பை எரிஉலை, பேருந்து நெரிசல் எல்லாம் ஜூலைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். பள்ளி திறக்கிற முதல் இரண்டு வாரம் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், அப்பாக்கள் வலை பின்னிக்கொண்டு வீட்டுப் பக்கம் இருப்பார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒருவரையும் எதிர்த்தரப்பு வீட்டில் ஒருவரையும் கேட்டு எழுதி வரட்டும். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு கேட்கப் போனால் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள்.